முக்காலமும் உணர்ந்த தேர்வாளர்கள்

பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறது. ‘அவுட் ஆஃப் த பார்க்’ என்று பெயர். புதுமுகங்களை அணிக்கு எடுக்கும் நாளில் ஒவ்வொருவருக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் காட்டும். இன்றைய திறமைக்கு ஒன்று, நாளைய வளர்ச்சிக்கு ஒன்று. பாவம், அதை உருவாக்கியவர்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை. ஆள் பார்த்துச் சொல்பவரின் கணிப்பு பிசகவும் கூடும் என்று விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்தியத் தடகள சம்மேளனத்தின் தேர்வாளர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது.

2017 ஜூலையில் அவர்கள் காட்டிய கூர்மை லேசுப்பட்டதா? பாலக்காட்டை அடுத்த முண்டூரில் கூலித் தொழிலாளிகளின் மகளாகப் பிறந்த பி.யு. சித்ரா, புவனேஸ்வரம் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கிவிட்டார். ஆசியச் சாம்பியனுக்கு லண்டன் உலகப் போட்டியில் இடம் உண்டு என்று பாமரர்கள் நம்பினார்கள். தேர்வாளர்கள் ஏமாறுவார்களா? அடுத்து குண்டூரில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டியில் அவர் தோற்றதைச் சரியாகக் குறித்துக்கொண்டார்கள். ஆசியாவை ஜெயித்தது தற்செயல், குண்டூரில் தோற்றதே நிஜம். ஆகவே அவரிடம் நிலைத்தன்மை இல்லை, லண்டன் அணியில் இடமும் இல்லை.

பாரபட்சம் என்று யாரும் நாக்கில் பல் போட்டுப் பேசவும் வழி வைக்கவில்லை. அதே புவனேஸ்வரத்தில் தங்கம் வென்ற அஜய் குமார் சரோஜையும் சுதா சிங்கையும் கூடவே கழித்துவிட்டார்கள். தங்கம் வாங்கியவர்களிடம் அப்படியொரு சமநோக்கு!

சட்டத்துக்கும் அவர்கள் கட்டுப்பட்டவர்களே. சித்ராவைச் சேர்க்கச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் சர்வதேச சம்மேளனத்துக்குக் கேட்டு எழுதினார்கள். கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. கெடு முடிந்த பிறகும் மனம் தளராமல் கடிதம் எழுதுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

சித்ராவுக்குத்தான் நன்றியில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். 2019இல் தோஹாவில் மறுபடியும் அதே 1500 மீட்டரில் ஆசியத் தங்கம். நிலைத்தன்மை இல்லாததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேரள மண்ணுக்கே இந்தத் துடுக்குத்தனம் உண்டு. இடுக்கி மலையிலிருந்து போன பீனாமோள் 2002இல் பூசானில் 800 மீட்டர் தங்கத்தையும், பிரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கத்தையும் கொண்டுவந்தார்கள். தனக்குத் திறமை இருக்கிறதா என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை அங்கே யாருக்கும் இல்லை, ஓடிப் பார்த்துவிடுகிறார்கள்.

இத்தனை ஞானம் கைவசம் இருக்கும்போது பந்தயம் நடத்துவதே வீண் செலவு. யார் ஜெயிப்பார், ஜெயித்தாலும் அது ஜெயிப்பாகுமா என்பதைத் தேர்வாளர்களே கூடிப் பேசி அறிவித்துவிடலாம். சித்ராவைப் போன்றவர்கள் குறுக்கே ஓடி அவர்கள் வேலையைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.