பொய்ப் பாலத்தில் வந்த போன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன சனி, ஞாயிறு உங்கள் ஹோமியோபதி ஹானிமன் வேலை பார்த்த ஊருக்குப் போய்வந்தேன். ஆமாம், உங்கள் மருந்துப் பெட்டிக்கு மேலே சந்தன மாலையோடு தொங்குகிறாரே, அவரேதான். பெரியம்மாவை ஒரு காப்பி போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்து படியுங்கள். காப்பி குடித்தால் ஹோமியோபதி மருந்து கேட்காது என்று ஊருக்கே பத்தியம் சொல்கிறவர் நீங்கள் என்பது நினைவிருக்கிறது. வைத்தியருக்குப் பத்தியம் கிடையாது என்பதும் நினைவிருக்கிறது.

ஊரின் பெயர் சிபியூ. ஜெர்மன்காரர்கள் ஹெர்மன்ஸ்டாட் என்பார்கள். உங்கள் ஹானிமன் வரலாற்றில் இந்தப் பெயர்தான் இருக்கும். டிரான்சில்வேனியாவில், மலைக்கு அந்தப் பக்கம். சாலையில் போனால் நான் இருக்கும் புக்காரெஸ்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குள். ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு போவதால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் திருச்சிக்காரர் துணைக்கு வந்தார். எலுமிச்சம் சாதம் கட்டி எடுத்து வந்திருந்தார். சினாயா ஸ்டேஷன் வருவதற்குள் அது தீர்ந்துபோனது. அதன் பிறகு இயற்கைக் காட்சியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இடது பக்கம் ஃபகராஷ் மலை உச்சியில் பனியோடு கூடவே வந்தது. ருமேனியாவின் உயரமான சிகரம் அங்கேதான் இருக்கிறது, 2,544 மீட்டர். திருச்சிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மேலே கோயில் இருக்கா?" என்றார். இல்லை என்றதும் தூங்கிவிட்டார்.

சிபியூவின் பெரிய சதுக்கத்தில் நுழைந்ததும் யாரோ நம்மைப் பார்க்கிற உணர்ச்சி வரும். நிஜமாகவே பார்க்கிறார்கள். பார்ப்பது வீடுகள். பல ஓட்டுக் கூரைகளில் கண் வடிவில் திறப்பு வைத்திருக்கிறார்கள். மேல் இமை வளைந்திருக்கும், கீழ் இமை நேராக இருக்கும், நடுவில் கருவிழியாக இருட்டு. சில வீடுகள் தூக்கக் கலக்கத்தில் பார்க்கின்றன, சில வீடுகள் கடன்காரனைப் பார்க்கும் பார்வை பார்க்கின்றன. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. அந்தக் காலத்தில் பரணில் தானியமும் உப்பிட்ட இறைச்சியும் வைப்பார்கள். காற்று வேண்டும், வெயிலும் மழையும் உள்ளே வரக் கூடாது. ஓட்டு வரிசையை லேசாக வளைத்துத் தூக்கிவிட்டால் மூன்றும் நடக்கும். கொத்தனார் கண் வரைய நினைக்கவில்லை, கறி கெடாமல் இருக்க நினைத்தார். அதைக் காட்டி இன்று காந்த வில்லை, கோப்பை, பனியன் என்று எல்லாவற்றிலும் கண் அச்சடித்து விற்கிறார்கள்.

கீழூருக்கு இறங்கும் படிக்கட்டுச் சந்து ஒன்று இருக்கிறது. மேலூர் வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும், கீழூர் கைவினைக்காரர்களுக்கும் என்று அப்போதே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கீழூரில் ஒரு வீட்டுக் கூரையில் நாலு கண். அதற்கு நேர் கீழே ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு பாட்டி. நாங்கள் தெருமுனையில் திரும்பும்வரை வைத்த கண் வாங்கவில்லை. கூரைக் கண் நாலும் அந்த அம்மாளிடம் பாடம் படிக்க வேண்டும். பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள், திருஷ்டி என்பது இந்த நாட்டிலும் உண்டு. கைக்குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டுகிறார்கள். பூசணிக்காய் உடைக்கும் வழக்கம் மட்டும் இல்லை. தெரு இருக்கிற சுத்தத்துக்கு, உடைத்தவரே உட்கார்ந்து கழுவித் தர வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். ஹானிமன் 1777-ல் இங்கே வந்தபோது அவருக்கு 22 வயது. வியன்னாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார், கையில் காசு தீர்ந்துவிட்டது. டிரான்சில்வேனியாவின் ஆளுநர் ப்ரூக்கென்டால் பிரபு அவரைக் கூட்டிவந்து தன் நூலகத்தைக் கவனிக்கச் சொன்னார். புத்தகங்களுக்கும் பழங்காசுகளுக்கும் பட்டியல் போடுவது, கூடவே வீட்டு வைத்தியம். 1779-ல் பட்டம் வாங்க எர்லாங்கன் போய்விட்டார். ஹோமியோபதி என்பதெல்லாம் அதற்குப் பல வருஷம் கழித்து, 1796-ல். ஆக, அவரும் ஃபீஸ் கட்டப் பணமில்லாமல் வெளியூர் போய்ப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்த்தவர்தான். டிப்ளமா படித்துவிட்டு அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும் நான் அந்தப் பிரபுவின் அரண்மனை வாசலில் நின்றபோது கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

ப்ரூக்கென்டாலின் மாளிகை பெரிய சதுக்கத்திலேயே இருக்கிறது. அவர் சேர்த்த ஓவியங்களை 1817-லேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். யான் வான் ஐக் வரைந்த நீலத் தலைப்பாகைக்காரர் அங்கே இருக்கிறார். அந்தப் படத்தை 1948-ல் புக்காரெஸ்டுக்கு எடுத்துப் போனவர்கள், 2006-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தலைநகரம் இரவல் வாங்கினால் எப்போது திரும்பும் என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்தது.

சின்னச் சதுக்கத்தில் மருந்தக அருங்காட்சியகம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம். மரக் கவுண்டர், பித்தளைத் தராசு, வெண்கலக் கல்வம், லத்தீனில் பெயர் எழுதிய ஜாடிகள். ஹோமியோபதிக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுண்டுவிரல் அளவுக் குப்பிகள், கார்க் மூடி, கையால் எழுதிய சீட்டு. உங்கள் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை வரும் என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். காவலுக்கு இருந்த அம்மா இருமிக் காட்டினார். "இத்தனூண்டு குப்பியில எந்த வியாதிடா போகும்?" என்று திருச்சிக்காரர் கேட்டார். நான் உங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவன், பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

டிராகுலாவைப் பார்த்தாயா என்று நம் வீட்டுச் சின்னவன் கேட்பான். டிராகுலாக் கதையை 1897-ல் வெளியிட்ட பிராம் ஸ்டோக்கர் இந்த நாட்டுப் பக்கமே வந்ததில்லை. அந்தப் பெயருக்குரிய கழுவேற்றி மன்னன் விளாடின் மகன் மிஹ்னியா மட்டும் இங்கே வந்து மாட்டிக்கொண்டான். "கொடியவன்" என்பது அவனுக்கு நிலைத்துவிட்ட பட்டப்பெயர். 1510-ல், இன்று லூத்தரன் பேராலயமாக இருக்கும் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தவனை வாசலிலேயே குத்திக் கொன்றுவிட்டார்கள். கல்லறைக் கல் உள்ளே இருக்கிறது. கோபுரத்தின் நாலு மூலையிலும் குட்டிக் கோபுரம் தெரிகிறதே, அது அழகுக்கு இல்லையாம், மரண தண்டனை கொடுக்கும் அதிகாரம் இந்த ஊருக்கு உண்டு என்பதற்கான அறிவிப்பாம். விமானத்தில் வருகிறவனுக்குக்கூடத் தெரியும் உயரம், 73 மீட்டர்.

இன்னொரு செய்தி, சிவகாசி சம்பந்தியிடம் சொல்லுங்கள். இந்த ஊர் ஆயுதக்கிடங்குப் பொறுப்பாளர் கோன்ராட் ஹாஸ் என்பவர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக எரியும் ராக்கெட்டைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1961-ல்தான் கண்டெடுக்கப்பட்டது. விண்வெளி ராக்கெட்டின் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த் பிறந்ததும் இதே ஊரில், 1894-ல்.

சாப்பாடு: மமலிகா என்று ஒன்று வந்தது. மக்காச்சோள மாவில் கிண்டியது, நம்ம கம்பங்களிக்கு மஞ்சள் சட்டை போட்டுவிட்ட மாதிரி. கூடவே பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும் வைத்தார்கள். குழம்பு இல்லையா என்று திருச்சிக்காரர் சைகையில் கேட்க, பணியாளர் குடல் சூப் கொண்டுவந்தார். பூண்டும் காடியும் தூக்கலாக, நன்றாகவே இருந்தது. அது என்ன என்று அவருக்கு நான் சொல்லவில்லை, சனிக்கிழமை அவர் விரதம்.

சின்னச் சதுக்கத்தில்தான் பொய்ப் பாலம் இருக்கிறது. 1859-ல் வார்ப்பிரும்பில் போட்டது. ஆறு கிடையாது, அடியில் கீழூருக்குப் போகிற தெருதான் ஓடுகிறது. பாலத்தின் மேல் நின்று பொய் சொன்னால் இடிந்துவிடும் என்பது ஐதீகம். எடைக்கல்லில் ஏமாற்றிய வியாபாரிகளையும், கல்யாண ஆசை காட்டிய சிப்பாய்களையும் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். துணிச்சல்தான்.

சரியாக நான் நடுப்பாலத்தில் நிற்கும்போது அம்மாவின் போன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா." இது உண்மை.

"குளிருதா?"

"சேச்சே, நம்ம ஊர் மார்கழிதான்." அடியில் ஏதோ கிறீச்சிட்டது. சைக்கிள்.

"தனி ரூம்தானே குடுத்திருக்காங்க?"

கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றேன். நாலு பேர் ஒரே அறை என்பது உங்களுக்குத் தெரியும். பாலம் அசையவில்லை. வார்ப்பிரும்பு நல்ல வார்ப்பிரும்பு. திருச்சிக்காரர் விவரமானவர். மனைவியின் போன் வந்ததும் பாலத்தைவிட்டு இறங்கி, சதுக்கத்தின் மறுகோடிவரை நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். அவ்வளவு தூரம் போக வேண்டிய அளவுக்கு அவர் வீட்டுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ, நான் கேட்கவில்லை.

ஊரைச் சுற்றிய பிறகு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு கெட்டியாகக் கட்டியவர்கள் எங்கே? கட்டியவர்கள் சாக்ஸன்கள் எனப்படும் ஜெர்மன்காரர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசன் இரண்டாம் கேசா எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் வரவழைத்த ஆட்கள், அதாவது நம்மைப் போல வேலைக்கு வந்தவர்கள். எண்ணூறு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சியில் ஊரைவிட்டுப் போக ஆசைப்பட்டவர்களை மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்து மீட்டது. ஆளுக்கு இவ்வளவு மார்க் என்று விலை, படித்தவருக்கு விலை கூடுதல். ஆட்சி கவிழ்ந்ததும் 1990-ல் மட்டும் ருமேனியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மன்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று சிபியூவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த ஒன்றிரண்டு பேரில் ஒருவரான யோஹானிஸ் என்ற இயற்பியல் வாத்தியாரைத்தான் ஊர் 2000-ல் மேயராக்கி, மறுபடி மறுபடி ஜெயிக்க வைத்தது. அவர் காலத்தில் ஊர் புதுச் சுண்ணாம்பு கண்டு, 2007-ல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானது. 2014-ல் அவரே நாட்டின் அதிபரானார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான உங்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை.

ருமேனியர்களும் லட்சக்கணக்கில் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் நேபாளி, சிங்களர், வங்காளி, நான், திருச்சிக்காரர். 2022 முதல் நாலு வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம் வெளிநாட்டு ஆட்களை எடுக்க அரசாங்கம் இடம் வைத்தது.

சின்னவனும் வர நினைக்கிறான், திருநெல்வேலி ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும், நான் தடுக்கவில்லை. வேலை கடினம், சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது, மனிதர்கள் மோசமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் சாக்ஸன் தலைக்கு விலையை இன்னொரு நாடு கொடுத்தது, நம் தலைக்கு விலையை நாமே வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை அனுமதியை வாங்க வேண்டியவர் இங்கே இருக்கும் முதலாளி. அந்தக் காகிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், சந்தேகம் வந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். நிலத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம் என்று சின்னவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
புக்காரெஸ்ட்