சேம அச்சு விசாரம்

தருமபுரி ஜில்லாவில் மோட்டார் வாகனங்களைக் காட்டிலும் அவற்றைப் பற்றிய அபிப்பிராயங்களே அதிகம் என்பதும், அவற்றுள்ளும் வாகனம் வைத்திராதவரின் அபிப்பிராயமே அசைக்க முடியாத உறுதி வாய்ந்தது என்பதும், பாலக்கோட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த எவருக்கும் பிரத்தியட்சமாக விளங்கக்கூடியவை. டீசலா பெட்ரோலா, கறுப்பு வண்டி வெயிலுக்கு ஆகுமா, கடன் வாங்கி லாரி எடுத்தவன் கரையேறுவானா என்னும் வினாக்களுக்கெல்லாம் அங்கே தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. இவை அனைத்தையும் ஆராய ஓர் ஆயுள் போதாதாகையால், இவற்றுக்கெல்லாம் மூலமென நான் கருதும் ஒரு பொருளை, அதாவது காரின் ஐந்தாவது சக்கரமும் லாரியின் ஏழாவது அல்லது பதினோராவது சக்கரமுமாகிய ஸ்டெப்னியை மட்டும், ஈண்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஸ்டெப்பில் ஏற்றி வைப்பதால் அது ஸ்டெப்னியாயிற்று என்று ஓர் ஓட்டுநர் எனக்கு மிகுந்த சிரத்தையோடு விளக்கியதுண்டு. உண்மையில் அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின்மீது இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர உதவும் ஓர் உபரிச் சக்கரத்தை 1904-ல் விற்கத் தொடங்கினர். ஆங்கிலேயர் அப்பெயரை ஏறக்குறைய மறந்துவிட, பிரேசில்காரர் அதை ‘எஸ்டெப்பே’ என்றும் நாம் ‘ஸ்டெப்னி’ என்றும் இன்றளவும் காப்பாற்றி வருகிறோம். பெயர் லனெல்லிக்குரியது என்பதில் எனக்கு விவாதமில்லை. பொருள் இன்றைய தருமபுரியாகிய தகடூருக்குரியது என்பதே என் சித்தாந்தம்.

பிரமாணம் புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், சிங்கம், மேகம் என்று ஊரார் கையாளும் உவமைகளை ஒதுக்கிவிட்டு, உமணர் எனப்படும் உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டித் தொங்கவிடும் சேம அச்சுக்கு, அதாவது ஆபத்துக்கு உதவும் உபரி அச்சுக்கு, அவனை ஒப்பிடுகிறார். எருதுகள் நுகம் பழகாத இளசுகள், பாரமோ அதிகம், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமென்று யார் கண்டார் என்று உமணர் யோசித்தார்களாம். ஆக, லைசென்ஸ் எடுக்காதவர்களைக் கனரக வாகனத்தில் பூட்டுவதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், இரண்டையும் தெரிந்தே செய்துவிட்டு விதியை நொந்துகொள்வதும் ஆகிய மூன்று வழக்கங்களுக்கும் சுமார் 2,000 ஆண்டுச் சரித்திரம் உண்டென்பது இதனால் பெறப்படும். ஓர் இளவரசனை ஸ்டெப்னி என்று அழைத்து அவன் முகம் வாடாமல் பரிசும் பெற முடிந்த புலவர் உலகத்தில் வேறு எவரேனும் இருந்தனரா என்பது தனியே ஆராயத் தக்கது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உமணர் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் சமமாக அஞ்சினர். இக்காலத்து லாரிக்காரரோ ஏற்றத்தைச் செலவாகவும் இறக்கத்தை வரவாகவும் எழுதுகிறார். பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி, முன்பு 7-ஆகவும் இப்போது 44-ஆகவும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில் வரும் வண்டி தொப்பூர்க் கணவாயில் சரியத் தொடங்கியதும், “நியூட்ரல்ல உட்டா டீசல் மிச்சம்” என்னும் வேதவாக்கு ஓட்டுநரின் இடக்கையைக் கியர்க் கம்பியின்மீது கொண்டுபோய் வைக்கிறது. இது பூர்வபட்சம். இதற்கு மறுப்பு எளிது: கியரில் இறங்கும் வண்டியில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபின், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் இக்காலத்து எஞ்சினுக்கு எரிபொருள் ஏறக்குறைய நின்றுபோகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் குடித்தே தீரவேண்டும். மேலும் எஞ்சினின் பிடிப்பு நீங்கியபின் அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியிருப்பதால், டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வருகிறது. அதன்பின் இரட்டைப் பாலத்தருகே என்ன நேர்கிறது என்பதைச் செய்தித்தாள்கள் அடிக்கடி அச்சிடுகின்றன. அதைப் பற்றி வேடிக்கை பேச எனக்கு மனமில்லை.

ஸ்டெப்னிக்குத் திரும்புவோம். புது வண்டிக்குப் பூசை போடுகையில் நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஐந்தாவதற்குப் பழமும் இல்லை, சந்தனமும் இல்லை. இந்தப் பாரபட்சத்தின் பலனை நானே அனுபவித்தேன். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, காரிமங்கலத்திலிருந்து பாலக்கோட்டுக்கு மைத்துனரோடு வந்துகொண்டிருந்தபோது, என் காரின் பின்சக்கரம் பஞ்சராயிற்று. ஐந்து நிமிஷத்துக்குள், தக்காளிக் கிரேடுகள் ஏற்றிய பிக்கப்பின் ஓட்டுநர் ஒருவரும், பால் கேன் கட்டிய மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவரும், வண்டியே இல்லாமல் நடந்து வந்த இருவரும் கூடிவிட்டனர். நடந்து வந்தவர்களே தலைமை தாங்கினர். “நட்டை மொதல்ல லூஸ் பண்ணிட்டு அப்புறமா ஜாக்கிய ஏத்துங்க சார்” என்றார் ஒருவர். அது முற்றிலும் சரியான சாஸ்திரம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டிக்கியைத் திறந்து, மூன்று கல்யாணங்களின் தாம்பூலப் பைகளையும் ஒரு குடையையும் அகற்றி, விரிப்பை நீக்கினால் உள்ளே ஸ்டெப்னி படுத்திருந்தது. ஆலையிலிருந்து வந்தபோது டயரில் முளைத்திருந்த ரப்பர் மயிர்கள் ஒன்றுகூடத் தேயவில்லை. அதன் இளமையைக் கண்டு அனைவரும் பாராட்டினர். மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கினோம். காரும் கூடவே இறங்கிற்று.

“டயர் புதுசுதாண்ணா, காத்துதான் பழசு” என்றார் பிக்கப் ஓட்டுநர்.

முப்பது பவுண்டுக்குமேல் இருக்க வேண்டிய காற்று எட்டு பவுண்டே இருப்பதாகப் பின்னர்ப் பஞ்சர் கடைக் கேஜ் காட்டியது. வண்டி வாங்கி ஆறு ஆண்டாயிற்று என்பதையும், அதுவரை அச்சக்கரத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதையும் கடைக்காரரிடம் சொல்ல வெட்கமாயிருந்தது. சேம அச்சைக் கட்டியதாக ஔவையார் சொல்கிறாரேயன்றி, அதை எவரேனும் அவ்வப்போது அவிழ்த்துப் பார்த்தனரா என்று சொல்லவில்லை. இந்த இடைவெளியைத்தான் இரண்டாயிரம் ஆண்டாக நாம் விடாமல் பின்பற்றி வருகிறோம் போலும். டயர்க் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள, டியூபில்லா டயர் பூட்டிய கார்களுக்கு ஸ்டெப்னியே வேண்டியதில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியபோது, அந்தச் செய்தியைப் படித்த என் மைத்துனர், “நம்ம ஊர்ல முன்னாடியிருந்தே அப்படித்தானே” என்று சொன்னது எனக்கு அன்று விளங்கவில்லை.

வாசகர்கள் தயைகூர்ந்து இன்று மாலைக்குள் டிக்கியைத் திறந்து, தாம்பூலப் பைகளை அப்புறப்படுத்தி, அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.