பேட்டரி வைத்தியர்

ஜலகண்டாபுரத்தில் யார் வீட்டு லேப்டாப்பாவது சார்ஜ் ஏறாமல் பாதியில் நின்றுவிட்டால், கடைக்குப் போவதற்கு முன் இவரிடம்தான் போவார்கள். இவருக்குக் கடை கிடையாது. கையில் ஒரு ஸ்குரூ டிரைவர்கூடக் கிடையாது. விசைத்தறியை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தவர். 2011-ல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அன்றிலிருந்து இவர் வைத்தியர்.

"மாமா, அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குதுங்க" என்று நீட்டினால் திரையைப் பார்க்க மாட்டார். புறங்கையை அடிப்பாகத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"ராத்திரியெல்லாம் சொருகியே வெச்சிருந்தியா கண்ணு?"

"ஆமாங்க மாமா."

"அதான் மந்தம் தட்டிருச்சு. ஒரு நாள் பட்டினி போடு, சுத்தமா அணையட்டும். அப்புறம் எட்டு மணி நேரம் விடாம ஏத்து."

லங்கணம் பரம ஔஷதம். கேட்கவில்லையென்றால் அடுத்த மருந்து: பேட்டரியைக் கழற்றித் தகட்டை அழிரப்பரால் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஃப்ரிட்ஜ். இப்போதெல்லாம் பேட்டரியை உள்ளேயே வைத்துத் திருகிவிடுகிறார்களே என்றால், "அப்ப முழுசா வை" என்பார். தயிர்ச் சட்டிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே பாலிதீன் பை சுற்றி ஒரு ராத்திரி படுத்திருந்த லேப்டாப்பும் உண்டு.

கடைசியில் பழி கரண்டின் மேல் விழும். "தறி ஓடறப்ப வோல்டேஜ் இறங்குதில்ல? தறி நின்னப்புறம் ஏத்து." அடாப்டரின் முதுகிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் பொடி எழுத்தைப் படிக்க அவர் கண்ணாடி போட வேண்டும். வைத்தியத்துக்குக் கண்ணாடி எதற்கு?

ஆனால் அவரை முழுப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அவர் சொல்வதில் சில ஏதோ ஒரு காலத்து பேட்டரிக்குப் பொருந்தியவைதான். நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அதன் கொள்ளளவு சுருங்கும். அதற்குப் பட்டினி சரியான மருந்து. அந்தக் காலத்தில் செல்போன் வாங்கும்போது "முதல்ல எட்டு மணி நேரம் போடுங்க" என்று கடைக்காரரே சொல்லித்தான் கொடுத்தார். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 2019-ல் அதை உருவாக்கிய மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை. லித்தியத்துக்குப் பட்டினி ஆகாது. நாள் முழுக்கச் சொருகி, நூறிலேயே சூடாக வைத்திருப்பதும் ஆகாது, ஆயுள் குறையும். அதனால் லேப்டாப் கம்பெனிக்காரர்களே 60-லோ 80-லோ சார்ஜை நிறுத்தும் ஏற்பாட்டை உள்ளே வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்க நோய் என்று நினைப்பது பாதி நேரம் அந்தப் பத்தியம்தான்.

ஒரு முறை, அறுபதிலேயே நின்ற லேப்டாப் ஒன்றுக்குப் பட்டினி, ரப்பர், ஃப்ரிட்ஜ் எல்லாம் முடிந்த மறுநாள், லீவுக்கு வந்த இன்ஜினியரிங் பெண் கம்பெனியின் செயலியைத் திறந்து, 'பேட்டரி கன்சர்வேஷன்' என்றிருந்ததை அணைத்தாள். சார்ஜ் மளமளவென்று நூறைத் தொட்டது. சேதி திண்ணைக்குப் போனது. மாமா அசரவில்லை.

"நாஞ் சொன்னேன்ல, பட்டினி போட்டா சரியாயிரும்னு!"

அவரைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். காசு வாங்காமல் யோசனை சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும். அவரிடம் போவதற்கு முன் நீங்கள் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். சார்ஜ் தினமும் ஒரே எண்ணில், 60 அல்லது 80-ல் நின்றால் செட்டிங்கைப் பாருங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜ் அளவையும் ஒப்பிடுங்கள். பாதியாகக் குறைந்திருந்தால் அது முதுமை, மாற்றத்தான் வேண்டும். அடிப்பாகம் உப்பியிருந்தால் மட்டும் திண்ணைப் பக்கமே போகாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். லித்தியம் தீப்பிடித்தால் எந்த மாமாவாலும் அணைக்க முடியாது.