பாகு கடைசியிலதான் கண்ணு

வா கண்ணு, திண்ணையில உக்காரு. பையர் வர்றாரு, கிறிஸ்மஸ் விருந்துக்குப் பழப்பாகு பூசுன ஹாம் சுடோணும்ங்கிற. திருப்பூரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் ஆனாலும், ரோசனைக்கு உடுமலைக்கு வந்து அப்பிச்சியக் கேட்ட பாரு, அதுதான் புத்தி. எனக்கு ஓவன் தெரியாது. பன்னியும் தெரியும், பாகும் தெரியும்.

ஹாமுன்னா என்ன? பன்னியோட பின்னந்தொடையை உப்புல ஊற வெக்கிறது. நம்ம உப்புக்கண்டத்துக்குக் கோட்டு மாட்டி உட்டாப்பல. அதனால மேல ஒருக்கா உப்பள்ளிப் போட்டுராத.

அன்னாசியப் பச்சையா அரைச்சு ரவைக்கே பூசி வெய்யின்னு உங்கம்முச்சி சொல்லுவா. கேக்காத. அதுல புரோமலைன்னு ஒண்ணு இருக்குது, கறியக் கூழாக்கிப்போடும். அன்னாசி தின்னா நாக்கு எரியுதல்லொ? நாம அதைத் திங்கறப்ப அதும் நம்மளத் திங்குது. கொதிக்க வெச்சாப் பல்லுப் போயிரும்.

அப்பறம் வெல்லம். சின்னாறு தாண்டுனா மறையூரு. அந்தூரு வெல்லத்துக்கு 2019லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. கருப்பா இருக்குதேன்னு மூஞ்சியச் சுளிக்காத. வெள்ளையா மினுக்குதே, அதுலதான் ஹைட்ரோஸ் இருக்கும். உங்க சாயப்பட்டறையில துணியில ஏறுன கலரை உருவறாங்களே, அதே மருந்து. அன்னாசிச் சாறு, வெல்லம், ரெண்டு கிராம்பு, அரைச்ச கடுகு கொஞ்சம். வெரல்ல தொட்டா ஒட்டோணும், அதான் பதம்.

தொடைமேல கத்தியால கட்டங்கட்டமாக் கீறி, ஈயத்தாளு மூடி, 165 டிகிரியில வெய்யி. கிலோவுக்கு அரைமணிக்குக் கொறையாது. ஏற்கெனவே வெந்த ஹாமுன்னா உள்சூடு 60 டிகிரி, வேகாததுன்னா 63. குத்திப் பாக்கறதுக்குன்னு தனிக் குச்சி விக்குது. காச்சலுக்கு வாயில வெக்கிறதை எடுத்துச் சொருகீராத.

பாகை மட்டும் கடைசி அரைமணியிலதான் பூசோணும். தித்திப்புக்குப் பொறுமை பத்தாது, கறி வேகறதுக்குள்ள அது கருகிப்போயிரும்.

இன்னொரு ரோசனை. பொடக்காளியில வெறகடுப்பு மூட்டி, வெண்பன்னிக் கறியச் சின்ன வெங்காயம், வரமொளகா, தேங்காச்சில்லுப் போட்டு வறுத்து ஒளிச்சு வெய்யி. ஹாம் சொதப்புனா ஒறம்பரைக்கு அதை எடுத்து வெய்யி. சொதப்பலீன்னா எனக்குக் குடுத்துரு. சொதப்பாதுன்னு எனக்கு நம்பிக்கை இல்ல, இருந்தாலும் போசி கழுவியே வெச்சிருக்கறேன்.

செரி, எந்திரிக்காத. நீ வாசப்படி ஏறறப்பவே, "அப்பிச்சி, உங்களாட்டம் சமையல் யாருக்கு வரும்"னு பாகு ஊத்துன. கறி இன்னும் அடுப்பே ஏறலே, அப்பவே எனக்குக் கருகல் வாசம் வந்துருச்சு. ஓவன் என்ன வெலைன்னு சொல்லு சாமி.