வலை மாட்டப் போற பேராண்டிக்கு

பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. நான் பத்து காவான் தோட்டத்துல பால் மரம் வெட்டுனப்ப இங்க பாலமும் இல்ல, பேக்டரியும் இல்ல. 2014 மார்ச்சுல 24 கிலோமீட்டருக்குப் பாலம் திறந்தாங்க. நீயும் தொழிற்பேட்டையில எஞ்சினியர் ஆயிட்ட. இப்ப சிடி ஸ்கேனுக்குள்ள இருக்குற ஈரலுக்கு ஸ்கிரிப்ட் எழுதி, தானா நகர்ந்து ஓரத்துல ஒட்டிக்குற வலை மாட்டுறியாம். நீ போன்ல பேசுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் நாலு விஷயம் தெரியும். சொல்றேன், அப்படியே செய்.

முதல்ல வலையை ஈரலுக்கு எட்டாத தூரத்துல வை. ஒவ்வொரு முனையும் தன் பக்கத்துல சாம்பல் நிறம் எங்க சட்டுனு மாறுதுன்னுதான் பாக்கும். தூரத்து ஓரம் அதுக்குத் தெரியாது. ராத்திரி பூரா ஓடி, காலையில விலா எலும்பைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கும். நீ ஈரல்னே எழுதிக்கோ.

அடுத்தது விறைப்பு. 1988ல காஸ், விட்கின், டெர்சோபூலஸ்னு மூணு பேரு, வலை மாதிரியே ஓரம் தேடுற கோட்டைப் படம் ஒரு பக்கம் இழுக்கணும், கோட்டோட விறைப்பு மறுபக்கம் புடிக்கணும், ரெண்டும் சமனாகுற இடத்துல நிக்கணும்னு எழுதி வச்சாங்க. அவங்களுக்கு என்ன அவசரம்! நீ விறைப்பைப் பூஜ்ஜியமாக்கு. ஸ்கேன்ல உள்ள ஒவ்வொரு நாய்ஸுக்கும் வலை கூர் கூரா நீட்டிக்கும். பிழை எண் குறையும், மேனேஜர் குளிர்ந்து போவார். பலாக்காய்க்குச் சாக்கு கட்டுன நம்ம பாட்டன்மாருதான் விவரம் கெட்டவங்க. முள்ளுக்கு ஒரு பை தைக்காம, காயோட உருவத்துக்குக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

வாக்சல்ங்கிற குட்டிக் கட்டத்தோட அகலம் அரை மில்லிமீட்டர், தட்டுக்குத் தட்டு ரெண்டு மில்லிமீட்டர்னு ஸ்கேன்ல எழுதியிருந்தா படிக்காதே. எல்லாத்தையும் அரைன்னு வை. நோயாளி கால்வாசி உயரத்துக்கு நசுங்குவான், படுக்கையாவது மிச்சம்.

ஸ்கேன் வர்ற டைகாம் பைல் இடப்பக்கமும் முதுகுப்பக்கமும் கூட்டி எண்ணும். நீ ஓட்டுற ஸ்லைசர் சாப்ட்வேர் உள்ளுக்குள்ள வலப்பக்கமும் முன்பக்கமும் கூட்டி எண்ணும். ரெண்டு எண்ணுக்குக் குறி மாத்துனா போதும். அந்தச் சில்லறை வேலை உனக்கு எதுக்கு? ஈரல் முதுகுப் பக்கம் போனா டாக்டர் சுத்தி வந்து பாத்துக்கட்டும்.

முக்கியமா, முடிஞ்ச வலையை ஸ்கேன் தட்டு மேல வச்சு ஓரம் பொருந்துதான்னு ஒவ்வொண்ணாப் பாத்துத் தொலைக்காதே. பாத்தா திருத்தணும். யாராச்சும் கேட்டா சாப்ட்வேர் தப்புன்னு சொல்லிடு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.