பேர் சொல்லக் கூடாதவர்கள்

தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 20 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தொடங்கிவைத்தார். தொடங்கிய அன்றே 4.4 லட்சம் பதிவுகள். பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை எல்லாம் உண்டு. இப்படிப் பட்டியல் வைத்திருக்கும் ஒன்பதாவது நாடு நாம்தான் என்று மார்தட்டிக்கொண்டோம். சரி, பார்க்கலாமா? கூடாது. போலீசும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்கலாம். குற்றவாளிக்கும் அந்தரங்க உரிமை உண்டல்லவா?

உண்டுதான். அந்த உரிமையை யாருக்கு அளந்து கொடுக்கிறார்கள் என்பதில்தான் வயிறு எரிகிறது.

2019, பொள்ளாச்சி. பாலியல் வன்கொடுமை வழக்கை சிபிஐக்கு மாற்றி அரசாணை போட்டார்கள். அந்த அரசாணையிலேயே, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள். அரசு முத்திரையோடு. உயர் நீதிமன்றம் 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பர், அண்ணா பல்கலைக்கழகம். மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகார் முதல் தகவல் அறிக்கையாகிக் காவல்துறை இணையதளத்தில் ஏறியது. பெயர், முகவரி, நடந்தது அனைத்தும் அதில். நாடே படித்தது. புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறும்போது மென்பொருளில் கோளாறாம். உயர் நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் விதித்தது. ஒரு கழகத்தின் ஆட்சியில் 25, இன்னொரு கழகத்தின் ஆட்சியில் 25. இரண்டு கழகங்களும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போன விஷயம் வேறொன்று இருக்குமா தெரியவில்லை.

கவனியுங்கள். குற்றவாளிகளின் பட்டியல் மட்டும் ஒருநாளும் கோளாறாகி வெளியே வருவதில்லை. அந்த மென்பொருள் அபாரமாக வேலை செய்கிறது.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை பெற்றவர் புது ஆள் இல்லை. திருட்டு, வழிப்பறி என்று போலீஸ் ஏட்டில் பழைய பெயர். காவல் நிலையத்துக்குத் தெரியும். வளாகத்தில் நடந்துபோன மாணவிக்குத் தெரியாது.

பெயரைப் பகிரங்கப்படுத்துவது நம் நாட்டில் பாவம் ஒன்றும் இல்லை. எந்த நாளிதழையும் புரட்டுங்கள். வங்கியின் சொத்து சுவாதீன அறிவிப்பு அரைப் பக்கத்துக்கு இருக்கும். தவணை தவறிய கணவன் பெயர், மனைவி பெயர், கதவு எண், வடக்கே இன்னாருடைய மனை, கிழக்கே 20 அடிப் பாதை என்று நான்கு எல்லையும் அளந்து போட்டிருப்பார்கள். 2020 மார்ச்சில் உத்தரப் பிரதேச அரசு, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்களின் படத்தையும் முகவரியையும் லக்னோ நாற்சந்திகளில் விளம்பரப் பலகையாகவே நட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதட்டி எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கடன் கட்டாதவனும் கோஷம் போட்டவனும் மானம் இழக்கலாம். மானபங்கம் செய்தவனின் மானத்துக்குக் கடவுச்சொல் போட்ட பாதுகாப்பு.

இத்தனை பத்திரமான பட்டியலில் யார் இல்லை என்று கேளுங்கள். வீட்டுக்காரர் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், கணவனிடம் அடியோ வேறு வன்முறையோ பட்டதாகச் சொன்ன திருமணமான பெண்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம். நாடு முழுவதற்குமான சராசரி 29தான். முன்னேறிய மாநிலம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அதன்படி நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போடும். அதை மீறி மறுபடி வந்து அடித்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இவர் பாலியல் குற்றவாளி இல்லை, ஆகவே தரவுத்தளத்தில் இடமில்லை. மனைவியைப் பலவந்தம் செய்தவரோ குற்றவாளியே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு பழைய விதிவிலக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பலாத்காரம் என்று சொல்வது மிகக் கடுமையாகிவிடும் என்று மத்திய அரசு 2024இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமே கொடுத்தது. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை நம் பாட்டிகள் விட்டாலும் அரசாங்கம் விடாது போலிருக்கிறது.

பெண் பார்க்க வருகிறார்கள். ஜாதகம் வாங்குகிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். செவ்வாய் எந்த வீட்டில் என்று தெரியும், சம்பளச் சீட்டு தெரியும், ஊரில் எத்தனை சென்ட் என்பதும் தெரியும். முதல் சம்சாரம் ஏன் போனாள் என்று கேட்டால் மட்டும் தரகர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஒத்துப்போகலீங்க” என்பார். ஒத்துப்போகாதது அவள் தாடை எலும்பா, விலா எலும்பா என்று விசாரிக்க நாட்டில் ஒரு ஜன்னல் கிடையாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒன்று உண்டு. 2009இல் கிளேர் வுட் என்ற பெண்ணை முன்னாள் காதலன் கொன்றான். பெண்களைத் தாக்கிய பழைய வரலாறு அவனுக்கு இருந்தது. அவளுக்கு அது முழுதாகத் தெரியாது. அவள் தந்தை விடாமல் போராடினார். 2014 முதல் ஒரு பெண் போலீசிடம் போய், என்னோடு இருக்கும் இந்த ஆளுக்கு வன்முறை வரலாறு உண்டா என்று கேட்கலாம். ஆபத்து இருக்கிறதென்று பட்டால் அவளிடம் மட்டும் சொல்வார்கள். ஊர் கூட்டிச் சொல்வதில்லை. அந்தரங்கமும் பிழைக்கிறது, அவளும் பிழைக்கிறாள்.

அமெரிக்காவைப் போல எல்லார் முகத்தையும் இணையத்தில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. தெருமுனையில் பிளக்ஸ் வைக்கவும் வேண்டாம். இங்கே பிளக்ஸ் வைத்தால் யாராவது பாலாபிஷேகம் செய்துவிடுவார்கள்.

மிகைப்படுத்தவில்லை. 2002 குஜராத் கலவரத்தில் ஒரு கர்ப்பிணியைக் கூட்டாகச் சிதைத்து, அவர் குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 சுதந்திர தினத்தன்று மாநில அரசு விடுதலை செய்தது. சிறை வாசலில் இனிப்பு, பிறகு மாலை. சிலர் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் நற்சான்று வழங்கினார். விடுதலையைப் பரிந்துரைத்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்ப 2024 ஜனவரி ஆனது. ஹரியானாவில் இரண்டு சிஷ்யைகளைக் கெடுத்ததற்காக 2017இல் 20 ஆண்டு வாங்கிய சாமியார் குர்மீத் ராம் ரஹீமுக்கோ வேறு பஞ்சாங்கம். 2022 பிப்ரவரியில் பஞ்சாபில் தேர்தல், சாமியார் வெளியே. 2024 அக்டோபரில் ஹரியானாவில் தேர்தல், சாமியார் வெளியே. 2025 தொடக்கத்தில் டெல்லியில் தேர்தல். சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் நம்மைப் பார்க்கவே விடவில்லை என்று பழி போடக் கூடாது. பெண்களுக்கு எதிரான குற்ற வழக்கு உள்ளவர்கள் யார் யார் என்று பொதுமக்கள் வீட்டில் காலை ஆட்டிக்கொண்டே பார்க்க ஒரு பதிவேடு திறந்துதான் கிடக்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் வேட்பாளர்கள் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரங்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 2024இல் அவற்றைக் கூட்டிப் பார்த்தது. பெண்களுக்கு எதிரான குற்ற வழக்கு இருப்பதாக அறிவித்தவர்கள் 151 பேர். அதில் 16 பேர் மீது பலாத்கார வழக்கு. தீர்ப்பு வராத வழக்குகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 151 பேரும் நின்று தோற்றவர்கள் இல்லை. அத்தனை பேரும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்.