நாலு கம்பி, நாலு வருஷம்

எங்கள் தெருவில் ஒரு பேஸ் கிடார் நாலு வருஷமாக விற்பனைக்கு இருக்கிறது. விற்பவரை பேஸ் அண்ணன் என்போம். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என்றில்லை, மெல்லிசைக் குழு இருந்து கலைந்த எந்த ஊரிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். சில ஊரில் அது டிரம் செட்டாக இருக்கும், சில ஊரில் பழைய கீபோர்டு. எங்களுக்கு வாய்த்தது பேஸ்.

செல்போனில் அவர் முதலில் போட்டிருந்த விளம்பரம் இது: ‘பேஸ் கிடார். நாலு கம்பி. ஒரே கை. 8,500. பேரம் இல்லை. நேரில் வரவும். வீடியோ கேட்க வேண்டாம். நேரில் வரவும்.’

வீடியோ கேட்க வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த அடிநாதத்தைப் பெரிய ஸ்பீக்கர்தான் தாங்கும். செல்போனின் சுண்டைக்காய் ஸ்பீக்கரில் கேட்டால் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அண்ணனின் வாழ்க்கை வரலாறும் இந்த 41-க்குள் அடங்கிவிடும். இருபது வருஷம் பூக்குழித் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் வாசித்தார். பாதி மேடைகளில் கட்டியிருந்தது கூம்பு ஸ்பீக்கர். அது பாடகரின் குரலை ஆண்டாள் கோபுரத்தின் 192 அடி உச்சி வரைக்கும் கொண்டுபோகும். பேஸை மட்டும் வாசலிலேயே விட்டுவிடும். கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் பாடகி முழுசாக இருப்பார், கீபோர்டுக்காரர் முழுசாக இருப்பார், படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது அண்ணன்.

குழு கலைந்தது. கிடாரை விற்றுவிடலாம் என்று விளம்பரம் போட்டார். மறுநாள் சிவகாசியிலிருந்து ஒருத்தர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “வாசிச்சுக் காட்டுங்கண்ணே” என்றார். அண்ணனின் வாழ்க்கையில் அப்படிக் கேட்ட முதல் ஆள். அன்றைக்குப் பிடித்தது.

இப்போது வாங்க வருகிறவருக்கு ஒரு முறை வைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கு டிவிஎஸ் 50-ல் போய் அவரே கூட்டி வருவார். கிடாரை உடனே கையில் கொடுக்க மாட்டார். காப்பி வரும். அப்புறம் ரெக்சின் உறை திறக்கும், அந்துருண்டை வாசம் அறையை நிரப்பும். ஆம்பிளிஃபயரைப் போட்டுத் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார். அலமாரியில் மதினியின் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுக்கும். அது நிற்கும் வரை பேச மாட்டார், வந்தவரும் பேசக்கூடாது.

பிறகுதான் பரீட்சை. பக்கத்தில் ராஜபாளையத்தில் வெள்ளை நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள், குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டுவார்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. திரும்பிப் பார்க்கிற குட்டியைத்தான் எடுப்பார்கள். அண்ணன் இதையே தலைகீழாகச் செய்கிறார். ஏதோ ஒரு பாட்டின் பேஸை மட்டும் வாசித்துவிட்டு, வாங்க வந்தவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார். “என்ன பாட்டு தம்பி?” சரியாகச் சொன்னவருக்கு அரைக் கிலோ பால்கோவா. சொல்லாதவருக்கும் கால் கிலோ உண்டு. “புவிசார் குறியீடு வாங்குன ஊருல்ல, வெறுங்கையோட அனுப்பலாமா?” மதினி இதை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். போன தீபாவளியோடு பால்கோவாச் செலவு 8,500-ஐத் தாண்டிவிட்டது.

பரீட்சையில் தேறியவர்களுக்குப் பாடமும் உண்டு. இளையராஜா பாட்டுகளுக்கு வாசித்த சசிதரன் பெயரைச் சொல்லும்போது தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். ரஹ்மான் பாட்டுகளுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸுக்கும் அதே மரியாதை. அடுத்து லியோ ஃபெண்டர் வருவார். ஆள் உயரத்துக்கு நின்ற டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் முதுகைக் காப்பாற்ற, 1951-ல் தோளில் மாட்டுகிற பேஸைக் கடைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது என்பார் அண்ணன். உண்மைதான். வாசிக்கத் தெரியாதவர் விற்றதை, விற்கத் தெரியாதவர் வாசிக்கிறார் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

வருகிறவர்களும் சும்மா ஆட்கள் இல்லை. “ஆறு கம்பி இருக்கணுமே, ரெண்டு கம்பியைக் காணமே, அதுக்கு எவ்வளவு கொறைப்பீக?” என்று கேட்ட மாமா ஒருத்தர் மகனுக்காக வந்திருந்தார். ‘லாஸ்ட் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகும் கோஷ்டி ஒன்று இருக்கிறது. அவர்களை அண்ணன் மனிதர்களாகவே சேர்ப்பதில்லை. தலையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து “கிப்ஸனாண்ணே?” என்று வாயைப் பிளந்தான் ஒரு கல்லூரிப் பையன். “நல்லாப் படி தம்பி, கிவ்ஸன்.” கிப்ஸன் அமெரிக்கா, கிவ்ஸன் கொல்கத்தா. நடுவில் ஒரே ஒரு எழுத்து, அந்த எழுத்தின் விலை லட்சத்தில்.

போன மாதம் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். சர்ச்சில் பாட்டுக் குழுவாம், வாசிக்க பேஸ் இல்லையாம். பாட்டை இரண்டாவது தட்டிலேயே சொல்லிவிட்டான். பேரமே பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தான். “8,500 இருக்குண்ணே, எண்ணிக்கோங்க.”

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் அன்றைக்கே தாலியை நீட்டினால் பெண்ணைப் பெற்றவர் முகம் எப்படி இருக்கும், அப்படி. கவரைத் தொடவில்லை. திடீரென்று நேர்மை பொங்கியது.

“தம்பி, ஒளிக்கக்கூடாது. வால்யூம் நாப் கரகரங்கும்.”

“கிளீனர் அடிச்சா போயிரும்ணே.”

“ஜாக் லூசு.”

“ஒரு நட்டுத்தாண்ணே.”

“நெக்கே வளைஞ்சிருக்கு தம்பி! மூணாவது ஃபிரெட்டுல கம்பி உதறும். நானே வாங்க மாட்டேன்.”

தன் சரக்கை இவ்வளவு கேவலமாகப் பேசிய வியாபாரியை நான் பார்த்ததில்லை. பையன் கிடாரை வாங்கி, தச்சர் பலகை பார்ப்பது போல ஒற்றைக் கண்ணை மூடி நெக்கின் நீளத்துக்குப் பார்த்தான். பையிலிருந்து ஒரு அல்லன் கீயை எடுத்தான். நெக்குக்குள் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட் என்பார்கள், அதைக் கால் சுற்றுத் திருகினான். சுருதி சேர்த்துத் தட்டினான். இன்னும் ஒரு பொடித் திருகு. பத்து நிமிஷம்தான் ஆனது.

அண்ணன் வாங்கி வாசித்தார். உதறல் இல்லை. மேலே போனார், கீழே வந்தார், மூணாவது ஃபிரெட்டில் நின்று நின்று பார்த்தார். கேட்டது கோயில் மணியின் கடைசி ரீங்காரம் மாதிரி இருந்தது. டம்ளர்கள்கூட அன்றைக்கு ஒரே சுருதியில் கிணுகிணுத்ததாக மதினி இன்றைக்கும் சொல்கிறார். அரை மணி நேரம் வாசித்தார். பையன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கவரும் மேசையில் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் அண்ணன் கிடாரை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இவ்வளவு நல்லாருக்கிற சாமான எந்தக் கிறுக்கனாவது விப்பானா?”

பையன் ஒரு கிலோ பால்கோவாவோடு கடைசி பஸ்ஸில் போனான். எங்கள் தெருவில் அதுவரை யாரும் வாங்காத அளவு அது.

விளம்பரம் மறுநாளே மாறிவிட்டது. விலை 9,500. ‘நெக் சர்வீஸ் செய்தது’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது. ‘நேரில் வரவும்’ இப்போது மூன்று இடத்தில். புதன்கிழமை தென்காசியிலிருந்து ஒருத்தர் வருகிறாராம். சற்று முன்பு மதினி மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “தம்பி, கடைவீதிப் பக்கம் போனா கால் கிலோ வாங்கிட்டு வாங்க. அரைக் கிலோவாவே வாங்கிருங்க, போன்ல பாட்டைக் கரெக்டா சொல்லிட்டாராம்.”